கண்டல் காட்டைக் கடைமடை உழவர் காண வேண்டும்

கடலோரச் சதுப்புநிலக் காடுகளைப் படகில் சென்று பார்ப்பது நகரத்தாரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் கிராமங்களில் ஊன்றிப் போயிருக்கிறது. சிதம்பரத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிச்சாவரத்துக்கு வெளியூர்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து போகிறார்கள். 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தில் பார்த்த இடம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அந்தக் காட்டை ஒட்டிய வாய்க்கால்களின் கடைசி மடையில் நெல் பயிரிடும் சிறு விவசாயிக்கு அது வெள்ளாமைக்குச் சம்பந்தமில்லாத இடமாகவே தோன்றுகிறது. அங்கே போய் உழவனுக்கு என்ன ஆகப்போகிறது என்பதே பேச்சு.

ஆக வேண்டியது நிறைய இருக்கிறது. வயலில் வடித்த நீர் எங்கே போகிறது, உப்பேறிய மண்ணை எப்படி மீட்பது, கடற்காற்றுக்கும் புயலுக்கும் மரங்கள் எந்த அளவுக்குத் தடை, இறால் குட்டைக்கு நிலத்தைக் கொடுத்தால் பின்னால் என்ன நேரும் ஆகிய நான்கும் கடைமடை உழவரின் அன்றாடக் கவலைகள். இந்த நான்கிற்கும் கண்ணால் காணும் பாடம் ஒன்றரை மணி நேரப் படகுப் பயணத்தில் கிடைக்கிறது. உடன் வருகிறவர் விவரம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆகவே உழவர்களுக்கு அரசு நடத்தும் கண்டுணர்வுச் சுற்றுலாக்களில் இந்தக் காடுகளையும் சேர்ப்பது அவசியம்.

பயணம் எப்படி?

இந்தக் காட்டுக்குப் பல பெயர்கள். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடு என்பார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காடு என்பார்கள். கண்டல் காடு என்பது பழைய பெயர். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் கழிமுகத்தில், அலை ஏறி இறங்கும் சேற்றில் வளரும் மரக்கூட்டம் இது.

பிச்சாவரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது. துடுப்புப் படகும் இயந்திரப் படகும் கிடைக்கும். இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மீனவ மக்களும் சேர்ந்து இத்தகைய சுற்றுலாவை நடத்துகிறார்கள். அங்கே கயாக் எனப்படும் சிறு படகிலும் போகலாம். முத்துப்பேட்டைக் காயலுக்கு ஜாம்புவானோடையிலிருந்து படகில் செல்கிறார்கள்.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டையான அலகுள்ள துடுப்பால் மாறி மாறி வலித்துச் செல்லும் ஒடுங்கிய படகு. வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்கள் விலங்குத் தோலைப் போர்த்து இதைச் செய்து வேட்டைக்குப் பயன்படுத்தினார்கள். இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். ஒரு முழம் நீர் இருந்தால் போதும். பெரிய படகு நுழையாத ஓடையிலும் இது நுழையும். இயந்திர ஓசை இல்லாததால் பறவை எழுந்து ஓடாது. வழிகாட்டி சொல்வதும் காதில் விழும். நீச்சல் தெரியாதவர்களும் வயதானவர்களும் துடுப்புப் படகில் செல்வதே நல்லது. பார்க்க வேண்டியவற்றை அதிலிருந்தும் பார்க்கலாம்.

கடைசி மடைக்கும் கீழே ஒரு மடை

பிச்சாவரத்துக்கு வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் சேர்கின்றன. இடையில் உப்பனாறும் இருக்கிறது. பாசனப் பகுதியின் நீரைக் கொண்டுவரும் கான்சாகிப் வாய்க்காலும் இந்தக் காட்டில்தான் முடிகிறது. இதை உழவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கடைமடை என்று வரைபடத்தில் காட்டப்படும் இடத்தோடு பாசனம் முடிந்து போவதில்லை. அதற்கும் கீழே ஒரு மடை இருக்கிறது. அந்த மடையில் பாயும் நீரில்தான் காடு வளர்கிறது.

ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று மேடைகளில் பேசுவதுண்டு. தண்ணீருக்காக ஆண்டுதோறும் ஏங்கும் உழவர்களின் வேதனையிலிருந்து பிறந்த பேச்சு அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கடலில் சேரும் நீர் அத்தனையும் வீண் என்பது சரியல்ல. கண்டல் மரங்கள் உப்பைத் தாங்குமே தவிர, உப்பை மட்டும் உண்டு வாழ்வதில்லை. நல்ல நீர் கலந்து உப்பின் கடுமை தணிந்தால்தான் பலவகை மரங்கள் நிற்கும். முத்துப்பேட்டைக் காட்டின் பெரும்பகுதியில் வெண்கண்டல் என்ற ஒரே மரமே மிகுந்திருக்கிறது. அங்கே வந்து சேரும் ஆற்றுநீர் குறைந்து உப்பு மிகுந்ததே இதற்குக் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். உப்பேறிய வயலில் மற்ற நெல் ரகங்கள் கருகி, உப்பைத் தாங்கும் ரகம் மட்டும் நிற்பதைப் பார்த்த உழவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் குறுவைக்கே நீர் போதாதபோது காட்டுக்கு எங்கிருந்து விடுவது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஆனால் காடு கேட்பது குறுவைக்கு உரிய நீரை அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வரும் வெள்ள நீரும் வடிகால் நீரும்தான் அதன் உணவு. அந்த நாட்களில் சம்பா வயலில் நிற்கும் நீரை எப்படி வெளியேற்றுவது என்பதே கடைமடை உழவரின் கவலை. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, வடிகால் தூர்ந்து கிடந்தால் மேலே பயிர் அழுகுகிறது. கீழே காட்டுக்கு நல்ல நீர் தடைப்படுகிறது. ஆகவே வடிகாலைத் தூர் வாருவது இரண்டு பேருக்கும் பொதுவான கோரிக்கை. காட்டின் பெயரையும் சேர்த்துக் கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும்.

உப்புநீர் ஆற்றில் ஏறி வருவதைத் தடுக்கக் கதவணைகள் வேண்டும் என்பது கொள்ளிடக் கரை உழவர்களின் கோரிக்கை. அதிலும் தவறில்லை. கதவணை கட்டும்போதே, மழைக் காலத்தில் எந்த அளவு நீரைக் கீழே விடுவது என்பதையும் எழுத்தில் வரையறுத்துக்கொண்டால் பின்னால் சச்சரவு வராது.

இன்னொன்றும் உண்டு. வடிகாலில் போவது நீர் மட்டுமா? அடித்த பூச்சிமருந்தின் மிச்சமும் கரைந்த யூரியாவும் கூடவே போகின்றன. காட்டின் நிழலில்தான் வெள்ளை இறால், வரி இறால், சேற்று நண்டு, மடவை ஆகியவற்றின் குஞ்சுகள் வளர்கின்றன. உதிரும் இலை மக்கி அவற்றுக்கு இரையாகிறது. இங்கே வளர்ந்துதான் அவை கடலுக்குத் திரும்புகின்றன. பிச்சாவரத்து இருளர் குடும்பங்கள் ஓடை நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கின்றன. மேலே தேவைக்கு மேல் தெளிக்கும் மருந்து கீழே ஒருவரின் சோற்றில் கை வைக்கிறது. படகில் போய் அந்த ஓடையைப் பார்த்தவருக்கு இது வெறும் அறிவுரையாகத் தோன்றாது.

மரங்கள் சொல்லும் பாடம்

வழிகாட்டி முதலில் காட்டுவது சுரபுன்னையின் முட்டு வேர்களை. தண்டிலிருந்து வளைந்து இறங்கி, பந்தல் காலைப் போல் சேற்றில் ஊன்றி நிற்கும். வேரிலேயே உப்பின் பெரும்பகுதியை வடிகட்டிவிடும் மரம் இது. இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும். பழுத்து விழுந்ததும் சேற்றில் குத்தி நின்று வேர் விடும். இல்லாவிட்டால் மிதந்து சென்று வேறிடத்தில் கரை ஒதுங்கி முளைக்கும்.

வெண்கண்டலின் வழி வேறு. உப்பை உள்ளே ஏற்று, இலை வழியே வெளியே தள்ளிவிடும். மழையில்லாத நாளில் இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். காற்றே புகாத சேற்றில் நிற்பதால், பென்சில் குத்தி வைத்தாற்போல் மூச்சு வேர்களை மேலே நீட்டியிருக்கும். வெண்கண்டல் இலையை மாடுகள் விரும்பித் தின்னும். ஆனால் இளங்கன்றுகள் நிற்கும் பகுதியில் மாடுகளை ஓட்டிவிட்டால் காடு எழும்பாது. கரையோர ஊர்களில் மாடு வைத்திருப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

கரைப் பக்கம் தில்லை மரம் நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது இந்த மரத்தால்தான். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. தோலில் பட்டால் கொப்பளிக்கும். கிளையை ஒடிக்கக் கூடாது.

வடிகால் வெட்டி மீட்ட காடு

உழவர்கள் நேரில் பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது, அழிந்துபோன இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்ட காடு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் தொட்டு 1970-கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை முழுவதுமாக வெட்டி எடுக்கும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் தானாக மரம் முளைத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. பல இடங்களில் முளைக்கவில்லை. மக்கள் மாடு மேய்ப்பதாலும் விறகு எடுப்பதாலும்தான் காடு எழவில்லை என்று நெடுங்காலம் பழி சொல்லப்பட்டது.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் காரணத்தைத் தேடின. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கி, நிலம் தட்டுப் போலக் குழிந்தது. அலை ஏறும்போது வந்த உப்புநீர் இறங்கும்போது திரும்பிப் போக வழியில்லாமல் குழியில் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கடல்நீரை விடக் கடுமையான உப்பு. கண்டல் விதைகூட முளைக்காத நிலை.

பரிகாரம் எளிமையானது. குழிந்த நிலத்தில் ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி இயற்கை ஓடையோடு இணைத்தார்கள். அதன் இருபுறமும் மீன் முள்ளைப் போல் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். அலை ஏறும்போது நீர் உள்ளே வந்து, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. பிறகு வாய்க்காலின் கரைச் சரிவில் கன்றுகளை நட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பொட்டல் பச்சையாயிற்று. இங்கே அலையின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தச் சிறு அசைவே போதுமானதாக இருந்தது. வழி விட வேண்டியதுதான் வேலை.

இந்தப் பாடம் அப்படியே வயலுக்கும் பொருந்தும். உப்பேறிய நிலத்தில் மேலும் மேலும் உரம் போட்டுப் பயனில்லை. உவர் நிலமா களர் நிலமா என்று முதலில் மண் பரிசோதனை நிலையத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. கரையும் உப்புகள் மிகுந்தது உவர். மின் கடத்தும் திறன் 4 டெசிசீமனுக்கு மேல் இருக்கும். சோடியம் மண்ணில் பற்றிக்கொண்டு, கார அமில நிலை 8.5-க்கு மேல் போனது களர். களருக்கு ஜிப்சம் வேண்டும். உவருக்கு ஜிப்சம் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. மழைக் காலத்தில் வரப்பை உயர்த்தி நல்ல நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, ஆழமான வடிகால் வழியே வெளியேற்றுவதே மருந்து. வடிகால் இல்லாமல் நீரைக் கட்டினால், தட்டுப் போல் குழிந்த காட்டுக்கு நேர்ந்த கதிதான் வயலுக்கும். பாசன வாய்க்காலுக்குச் சண்டை போடும் ஊர்கள் வடிகாலையும் அதே அக்கறையோடு கேட்டுப் பெற வேண்டும்.

கண்டல் வளர்க்க மத்திய அரசு 2023-இல் 'மிஷ்டி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கன்று நடும் எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்வதில் பயனில்லை. நீர் வந்து போகும் வழியைச் சரிசெய்த பின் நட்டால்தான் நட்டது நிற்கும் என்பதற்குப் பிச்சாவரம் சாட்சி.

அரண் எந்த அளவுக்கு?

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்தது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் இன்னொருவரும் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து 2005-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மரங்கள் காத்தன என்பது அவர்கள் முடிவு. வேறு அறிஞர்கள் அதே கணக்கை மீண்டும் பார்த்து, அந்த ஊர்கள் கடலுக்குத் தொலைவிலும் மேட்டிலும் இருந்ததே முக்கியக் காரணம் என்று மறுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறை. அடர்ந்த மரக்கூட்டம் அலையின் வேகத்தைத் தணிக்கும். ஆனால் அது மதில் அல்ல. காடு இருக்கிறதென்று நம்பிக் கடலை ஒட்டி வீடு கட்டக் கூடாது.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது முத்துப்பேட்டைக் கண்டல் காடே பெரும் சேதம் அடைந்தது. உள்ளே பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. அவ்வளவு கடும் காற்றை எந்த மரமும் முழுவதுமாகத் தடுக்காது. அன்றாடக் கடற்காற்றையும் உப்புத் தூறலையும் வழக்கமான அலை அரிப்பையும் தணிப்பதில்தான் காட்டின் நிலையான பயன் இருக்கிறது. கரை அரிக்காமல் மண்ணைப் பிடித்து வைப்பதும் அதன் வேர்கள்தாம்.

காடு இருந்தால் நிலத்தடியில் உப்புநீர் ஏறாது என்று சிலர் சொல்வது மிகை. கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டு நல்ல நீரை இறைக்க இறைக்க, அந்த இடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொள்ளும். அதற்கு மரம் பொறுப்பல்ல, மோட்டார்தான் பொறுப்பு. காட்டை நம்பி இறைப்பைக் கட்டுப்படுத்தாமல் இருப்பது ஆபத்து.

குத்தகைப் பணமும் பிந்திய கணக்கும்

காட்டின் ஓரமாகப் படகில் போகும்போது கரைக்கு அப்பால் இறால் குட்டைகளின் கரைகளைக் காணலாம். நெல்லில் நட்டப்பட்ட சிறு விவசாயியிடம் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு யாராவது வந்தால், கையில் ரொக்கம் கிடைக்கிறதே என்று மனம் தடுமாறுவது இயற்கை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கடந்த காலக் கணக்கையும் அவர் பார்த்துவிட வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் கடலோரம் நெடுக இறால் பண்ணைகள் பெருகின. 1994-95-இல் வெண்புள்ளி நோய் தாக்கி அவற்றில் பல நொடித்துப் போயின. குட்டைகளின் உப்பு பக்கத்து வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் கசிந்தது என்று புகார்கள் எழுந்தன. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைநிலம், உப்பளம், கண்டல் காடு, ஊர்ப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்பது அதன் முக்கியக் கட்டளைகளில் ஒன்று. பின்னர் 2005-இல் கடலோர மீன்வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பண்ணைகள் பதிவு பெற்றே நடக்க வேண்டும் என்று அது விதித்தது. 2009 முதல் வனாமி இறால் வந்து, தொழில் மறுபடியும் பெருகியது.

இறால் வளர்ப்பே கூடாது என்பது இதன் பொருளல்ல. உரிய இடத்தில், பதிவு பெற்று, கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிறவர்கள் நடத்தட்டும். ஆனால் நல்ல வயலில் உப்புநீரைக் கட்டிய பின் குத்தகைதாரர் போய்விட்டால், உப்பு போவதில்லை. அதைக் கழுவும் செலவும் காத்திருக்கும் ஆண்டுகளும் நிலத்துக்காரர் தலையில் விழும். பக்கத்து வயல்காரர் செய்யாத குற்றத்துக்கு அவரும் சுமக்க வேண்டும். உப்பு தேங்கிப் பொட்டலான காட்டையும், அதை மீட்க வெட்டிய வாய்க்கால்களையும் கண்ணால் பார்த்தவர் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் ஒரு நாள் கூடுதலாக யோசிப்பார். அந்த ஒரு நாள் யோசனைக்காகவே இந்தப் பயணம் தகும்.

வருமானம் யாருக்கு?

சுற்றுலாவால் வரும் பணம் சுற்றியுள்ள ஊர்களில் தங்க வேண்டும். காரங்காட்டில் ஊர் மக்களே படகு ஓட்டி, வழி காட்டி, பெண்கள் மீன் சாப்பாடு சமைத்துத் தருகிறார்கள். பல இடங்களும் பின்பற்றத் தக்க முறை இது. துடுப்பு வலிக்கும் படகோட்டிக்கு ஓடையின் ஒவ்வொரு வளைவும் தெரியும். எந்த மரம் எப்போது பூக்கும், எந்தப் பக்கம் இறால் குஞ்சு கூடும் என்பதை அவர் படித்து அறியவில்லை, வாழ்ந்து அறிந்தவர். அவருக்கு வழிகாட்டிப் பயிற்சியும் அதற்கேற்ற கூலியும் கொடுத்தால் பயணமும் பயனுள்ளதாகும்.

குறுகிய ஓடைகளில் இயந்திரப் படகை விடக் கூடாது. அதன் அலை கரையை அரிக்கும். ஓசை பறவைகளை விரட்டும். அங்கே துடுப்புப் படகும் கயாக்கும் போதும். துடுப்பு மிகுந்தால் அதைப் பிடிக்கும் கைகளுக்கு வேலையும் மிகும்.

உழவர்களும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. சுற்றுலா வருகிறவர்கள் பாட்டிலில் அடைத்த குளிர்பானம் குடித்துவிட்டு ஓடையில் வீசிப் போகிறார்கள். அந்த இடத்தில் இளநீர், மோர், வெள்ளரி, வேர்க்கடலை, பாரம்பரிய அரிசி ஆகியவற்றை உழவர் குழுக்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் விற்கலாம். படகுத் துறையில் அதற்கென ஓர் இடம் ஒதுக்கித் தருவது அரசுக்குப் பெரிய காரியமல்ல.

செய்ய வேண்டியவை

வேளாண்மைத் துறை 'அட்மா' திட்டத்தின் கீழ் விவசாயிகளைக் கண்டுணர்வுச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்கிறது. ஆராய்ச்சி நிலையங்களும் முன்னோடிப் பண்ணைகளும் அதில் இடம்பெறுகின்றன. கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், இராமநாதபுரம் மாவட்டக் கடலோர வட்டாரங்களுக்கு அதில் ஒரு நாள் கண்டல் காட்டுக்கென ஒதுக்கப்பட வேண்டும். படகோட்டியோடு, வடிகால் பற்றி விளக்க ஒரு வேளாண் அலுவலரும் உடன் செல்ல வேண்டும். மண் மாதிரி எடுத்து வரச் சொல்லி, அன்றே பரிசோதனைக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தால் பயணம் வேடிக்கையோடு நில்லாது. உழவர் பெண்களும் போக வேண்டும். நடவிலும் களையெடுப்பிலும் சேற்றில் நிற்பவர்கள் அவர்கள். மண்ணின் மாற்றம் முதலில் தெரிவது அவர்கள் காலுக்குத்தான்.

தாமாகப் போக விரும்புகிறவர்கள் சில குறிப்புகளைக் கவனிக்கலாம். சம்பா நடவு முடிந்து மழை ஓய்ந்த நாட்கள் ஏற்றவை; நவம்பர் முதல் பிப்ரவரி வரை காடு செழிப்பாக இருக்கும். புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் போகக் கூடாது. வெயில் ஏறுமுன் காலையில் புறப்படுவது நல்லது. நாரை, கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் அப்போதுதான் நன்றாகத் தெரியும். நீச்சல் தெரிந்தவரும் மிதவைச் சட்டையைக் கட்டாயம் அணிய வேண்டும். தொப்பி அல்லது தலைப்பாகை, குடிநீர், பழைய செருப்பு போதும். பிளாஸ்டிக் பை கொண்டு போனால் திரும்பக் கொண்டு வர வேண்டும். படகோட்டியிடம் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்க வேண்டும்: இந்த ஓடைக்கு நல்ல நீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது? முன்பு பொட்டலாக இருந்து எழுந்த காடு எது? பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்த மீன், இறால் இப்போது இருக்கிறதா?

பிச்சாவரம் காடு சுமார் 1,480 ஹெக்டேர், அதாவது 3,650 ஏக்கர் பரப்பில் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பெருமைக்குரிய அறிவிப்பு. ஆனால் அறிவிப்புப் பலகை காட்டைக் காப்பாற்றாது. மேலே உள்ள வயல்களிலிருந்து எந்த நீர், எப்போது, எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் காப்பாற்றும். அந்த நீரின் மடையைத் திறக்கவும் மூடவும் கூடியவர்கள் உழவர்கள். காட்டைப் பார்க்க முதல் உரிமை அவர்களுக்கு உண்டு. பார்த்துத் தெரிந்துகொள்ளும் பொறுப்பும் அவர்களுடையதே. வேளாண்மைத் துறையும் வனத்துறையும் கலந்து பேசி, வரும் தை அறுவடை முடிந்ததும் முதல் குழுவைப் படகில் ஏற்ற ஆவன செய்தல் வேண்டும்.